பொக்லைன், ஜேசிபி வேலை நடக்கும் இடத்தில் பாதுகாப்பு: இயந்திரத்தை இயக்குமுன் யார் எதை உறுதிசெய்ய வேண்டும்?

பாலக்கோடு மேற்பார்வையாளர்:

அனைவருக்கும் வணக்கம். பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை செல்லும் சாலைக்குச் சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு தோட்டத்தில் பண்ணைக்குட்டை வெட்டி, அதன் உபரிநீர் ஓடைக்குப் போக 2 மீட்டருக்குச் சற்றே கூடுதலான ஆழத்தில் சிமென்ட் குழாய் பதிக்கும் வேலையை எங்கள் ஒப்பந்ததாரர் எடுத்திருக்கிறார். 20 டன் பொக்லைன் ஒன்று, ஜேசிபி ஒன்று, டிப்பர் இரண்டு, குழாய் இறக்கும் நாளில் ஒரு ஹைட்ரா கிரேன் என வண்டிகள் வரவிருக்கின்றன. களத்தில் மேற்பார்வை என் பொறுப்பு. வீடு கட்டும் வேலைகளில் எனக்குப் பழக்கம் உண்டு. இத்தனை கனரக வண்டிகள் ஒரே நிலத்தில் சேர்ந்து ஓடும் வேலை எனக்குப் புதிது.

நிலத்தைச் சுற்றிப் பார்த்ததில் சில செய்திகள் மனத்தை உறுத்துகின்றன. வடகிழக்கு மூலையில் 11 கிலோவோல்ட் மின்பாதை குறுக்கே செல்கிறது. டிப்பர் உள்ளே வருவதற்கான ஒரே வழியும் அதன் கீழேதான் இருக்கிறது. குட்டை வெட்டும் இடத்துக்கு அருகில் சீமைக்கருவேலம் மண்டிய பழைய கிணறு ஒன்று கைப்பிடிச் சுவர் இல்லாமல் கிடக்கிறது. இவற்றோடு, நில உரிமையாளரின் குடும்பமும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் வேடிக்கை பார்க்க வருவார்கள் என்பது இப்போதே தெரிகிறது. குழாய் பதிப்பவர்களோ ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது.

நெடுஞ்சாலைப் பணிகளில் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பார். இங்கே நான் ஒருவன்தான். தலைக்கவசம் அணியுங்கள் என்ற அளவில் நிற்காமல், சாவியைத் திருப்புமுன் நான் உறுதிசெய்ய வேண்டியவை என்ன என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

காவேரிப்பட்டணம் ஆபரேட்டர்:

தம்பி, நீங்கள் கடைசியாகச் சொன்ன ஆட்களைத்தான் நான் முதலில் வைப்பேன். மின்பாதையும் கிணறும் காலையில் எங்கே இருந்தனவோ மாலையிலும் அங்கேயேதான் இருக்கும். ஆள் அப்படியில்லை, பக்கெட்டை நிமிர்த்தித் திரும்புவதற்குள் வேறோர் இடத்தில் நிற்பான்.

பொக்லைனில் ஆபரேட்டர் அறை இடப்பக்கம் இருக்கிறது. அவருக்கு வலப்பக்கத்தில் பக்கெட்டைத் தாங்கும் நீண்ட கையான பூம் நிற்பதால், அந்தப் பக்கத்தில் தரைமட்டத்தில் நடப்பது பெரும்பாலும் மறைந்துபோகிறது. பின்னால் இன்ஜின் மூடியும், வண்டி முன்னால் கவிழாமல் இருக்க வைத்திருக்கும் எடையான பின்வெயிட்டும் பார்வையை அடைத்துக்கொள்கின்றன. வலது பின்மூலையில் ஒருவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தால், கண்ணாடி உடையாமலும் சரியான கோணத்திலும் இருந்தால்தான் அவர் ஆபரேட்டருக்குத் தெரிவார். அந்தக் கண்ணாடி பல வண்டிகளில் இருப்பதே இல்லை. புதர் அடித்து உடைந்த கண்ணாடிக்கு மாற்று வாங்க உரிமையாளருக்கு நினைவு வருவதற்குள் வண்டி வேறு மாவட்டத்துக்குப் போய்விடுகிறது.

எல்லோரும் பக்கெட்டைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். நசுங்கும் விபத்துகளில் பின்வெயிட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. மேல்பகுதி சுழலும்போது பின்வெயிட், வண்டி ஓடும் சங்கிலிப் பட்டையான செயினுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வரும். அதற்கும் ஒரு வேப்பமரத்துக்கும், அல்லது நிற்கும் டிப்பருக்கும் நடுவில் ஓர் ஆள் நுழையும் சந்து இருந்தால், யாராவது ஒருவர் குறுக்கு வழியாக அதில் நுழைந்தே தீருவார். ஆகவே வண்டியை நிறுத்தும்போதே, முழுச் சுற்று சுழன்றாலும் பின்வெயிட்டுக்கும் பக்கத்துப் பொருளுக்கும் இடையில் குறைந்தது அரை மீட்டர் மிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். மிஞ்சவில்லை என்றால் அந்த இடைவெளியைக் கயிறு கட்டி முழுவதுமாக அடைத்துவிட வேண்டும்.

20 டன் வண்டியின் பக்கெட் முழுவதும் நீட்டினால் ஏறக்குறைய 10 மீட்டர் எட்டும். பக்கெட்டிலிருந்து கல் நழுவி உருளும் தூரத்தையும் சேர்த்து 13, 14 மீட்டர் வட்டத்துக்குக் கயிறு கட்டுங்கள். வண்டி நகரும்போது கயிறும் நகர வேண்டும். இதைச் செய்ய ஓர் ஆளுக்குத் தனியாகக் கூலி கொடுக்க வேண்டும். மண் அள்ளிக்கொண்டே கயிற்றையும் பார்த்துக்கொள் என்று சொன்னால் அது நடக்காது.

என் அனுபவத்தில் இந்த வட்டத்துக்குள் தடையின்றி வருபவர் நில உரிமையாளர்தான். ‘இந்தப் பக்கம் இன்னும் ஓரடி எடுப்பா’ என்று கையை நீட்டிக்கொண்டு பக்கெட்டுக்கு அடியிலேயே வந்து நிற்பார். அவரை யாரும் அதட்ட மாட்டார்கள், ஏனென்றால் பணம் கொடுப்பவர் அவர். இதற்கு ஒரே வழி, எல்லைக்கோடு முழுவதையும் முந்தின நாளே சுண்ணாம்பால் போட்டு, அவரையும் உடன் நடக்கவைத்து ஒப்புதல் வாங்கிவிடுவது. அதன் பிறகும் பேச வேண்டுமென்றால், ஆபரேட்டருக்குத் தெரியும்படி முன்பக்கம் எட்டி நின்று கையை உயர்த்தட்டும். பக்கெட் தரையில் படிந்து, பாதுகாப்பு லீவர் பூட்டு நிலைக்குப் போன பிறகு அவர் கிட்டே வரலாம். அந்த லீவரைப் பூட்டாமல் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும் ஆபரேட்டரின் சட்டை மாட்டி ஜாய்ஸ்டிக் அசைந்தால் போதும், பூம் சுழன்றுவிடும்.

சைகை காட்டுபவர் ஒருவர் மட்டுமே இருக்க வேண்டும். ஆனால் ‘நிறுத்து’ என்னும் சைகையை யார் காட்டினாலும் வண்டி நிற்க வேண்டும். எங்கள் பக்கத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்குகின்றன. இப்போது ஒடியாவும் இந்தியும் சேர்ந்துவிட்டன. இன்ஜின் சத்தத்தில் எந்த மொழியும் காதில் விழாது என்பதால் அது ஒரு பெரிய தடை அல்ல. தூக்கு, இறக்கு, இடம், வலம், நில் என்ற ஐந்து சைகைகளை வேலை தொடங்கும் காலையில் அனைவரையும் நிற்கவைத்து ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. சித்திரை, வைகாசி வெயிலில் மரமில்லாத நிலத்தில் மதியம் நிழல் தருவது வண்டி ஒன்றுதான். சாப்பிட்டுவிட்டு டிப்பரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். கிளீனர் எழுந்துவிட்டானா என்று பார்க்காமல் டிரைவர் சாவியைத் திருப்புவார். ஆட்களுக்கென்று தென்னங்கீற்றில் தனியாக ஒரு பந்தல் போட்டுக் கொடுங்கள். வண்டி நிழலில் படுக்கக் கூடாது என்ற உத்தரவு பந்தல் இருந்தால்தான் செல்லும். மதியம் சாவிகள் உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். திரும்பக் கொடுக்கும்போது டிரைவர் வண்டியை முழுவதும் ஒருமுறை சுற்றி நடந்து, ஹாரன் அடித்து, சற்று நேரம் விட்டு அதன் பிறகு நகர்த்தட்டும்.

அரூர் மின்பாதைப் பணியாளர்:

மின்பாதை இடம் மாறாது என்று மேலே எழுதியவர் சொல்வது முழுவதும் சரியல்ல. அது மேலும் கீழும் மாறும். கோடைப் பிற்பகலில் கம்பி சூடாகி விரிவதால் இரு கம்பங்களுக்கு நடுவில் காலையில் இருந்ததைவிடத் தாழ்ந்து தொங்கும். காலை 7 மணிக்குக் கண்ணால் அளந்து ‘டிப்பர் தாராளமாகப் போகும்’ என்று முடிவுசெய்தது பிற்பகலில் பொய்யாகிவிடும்.

உறையில்லாத 11 கிலோவோல்ட் கம்பி சாலையைக் கடக்கும் இடத்தில் தரையிலிருந்து 6.1 மீட்டரும், சாலையை ஒட்டிச் செல்லும் இடத்தில் 5.8 மீட்டரும், வயல்வெளி போன்ற மற்ற இடங்களில் 4.6 மீட்டரும் குறைந்தபட்ச உயரமாக இருக்க வேண்டும் என்று இந்திய மின்சார விதிகள் 1956 முதலே சொல்லி வருகின்றன. உங்கள் மின்பாதை செல்வது தோட்டத்துக்குள். அங்கே 4.6 மீட்டர் இருந்தாலே விதி நிறைவேறிவிடுகிறது. தொட்டியைத் தூக்கிய டிப்பரோ நிமிர்ந்து நிற்கும் பூமோ அதைவிட உயரமானது. ஆகவே விதிப்படி சரியாக இருக்கும் மின்பாதையின் கீழேயும் விபத்து நடக்கும்.

யாரும் கவனிக்காத ஒன்றையும் சொல்கிறேன். குட்டையில் வெட்டிய மண்ணை மின்பாதையின் கீழே கொட்டாதீர்கள். ஒரு மீட்டர் உயரத்துக்கு மண் குவிந்தால் 4.6 மீட்டர் 3.6 ஆகிவிடும். அந்தக் குவியலின் மேல் ஏறி மட்டம் செய்யும் ஜேசிபிக்கு மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். மின்கம்பத்தின் அடியில் மண் எடுப்பதும், சாய்வாகக் கட்டியிருக்கும் ஸ்டே கம்பியைப் பக்கெட்டால் இழுத்துவிடுவதும் இதே வகையைச் சேர்ந்தவை. ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்குச் செல்லும் கேபிளை விவசாயிகள் ஓரடி ஆழத்தில் புதைத்துவைத்திருப்பார்கள். அது எந்த வரைபடத்திலும் இருக்காது, நில உரிமையாளரைத்தான் கேட்க வேண்டும்.

கம்பியைத் தொட்டால்தான் ஆபத்து என்பதில்லை. மிக அருகில் சென்றாலே மின்சாரம் தாவும். 50 கிலோவோல்ட் வரையிலான பாதைகளுக்கு 10 அடி இடைவெளி என்பது அமெரிக்க விதி. கம்பி காற்றில் ஆடும், பூம் துள்ளும் என்பதால் நான் 4 மீட்டர் சொல்வேன். அதற்கும் நெருங்கி வேலை செய்தாக வேண்டுமென்றால், உங்கள் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் விண்ணப்பித்து லைன் கிளியர் வாங்குங்கள். எங்கள் ஆள் மின்பாதையைத் துண்டித்து, எர்த் கம்பி மாட்டி, ‘வேலை செய்யலாம்’ என்று நேரில் சொன்ன பிறகே பக்கெட் அந்தப் பக்கம் போக வேண்டும். ‘தெரிந்த வயர்மேனிடம் போனில் சொல்லிவிட்டேன்’ என்பது லைன் கிளியர் ஆகாது.

டிப்பர் உள்ளே வரும் வழியில், மின்பாதைக்கு இரண்டு பக்கமும் சற்றுத் தள்ளி, வழியின் இரு ஓரத்திலும் மூங்கில் நட்டு, வண்டி தொட்டியை இறக்கிய நிலையில் மட்டும் நுழையக்கூடிய உயரத்தில் நைலான் கயிறு கட்டி, அதில் துணித் தோரணம் தொங்கவிடுங்கள். கொட்டிவிட்டுத் தொட்டியை இறக்காமலே கிளம்பும் டிரைவருக்கு முதலில் கயிறு தட்டும். உலோகக் கம்பியை மட்டும் இதற்குப் பயன்படுத்திவிடாதீர்கள்.

அப்படியும் பூம் கம்பியில் பட்டுவிட்டால், ஆபரேட்டர் இறங்கக் கூடாது. உள்ளேயே இருந்தபடி, முடிந்தால் பூமைக் கம்பியிலிருந்து விலக்க வேண்டும். ரப்பர் டயர் காப்பாற்றும் என்பது வெறும் நம்பிக்கை. 11 கிலோவோல்ட்டுக்கு அந்த டயர் தடையே அல்ல. தரையிலும் மின்சாரம் பரவியிருக்கும் என்பதால் வெளியே இருப்பவர்கள் குறைந்தது 10 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்; உதவப் போய் வண்டியைத் தொட்டவர்களும் இறந்திருக்கிறார்கள். தீப்பிடித்து, இறங்கியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு கால்களையும் சேர்த்துக் குதித்து, கால்களைப் பிரிக்காமல் சின்னச் சின்னத் தத்தலாக விலக வேண்டும். ‘கரண்ட் போய்விட்டது, ஊரே இருட்டாக இருக்கிறது’ என்று நம்பியும் கிட்டே போகக் கூடாது. துணைமின் நிலையத்தில் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் பிரேக்கர் விழுந்தால், காரணம் தெரியாத நிலையில் மறுபடியும் மின்சாரம் ஏற்றிப் பார்ப்பது வழக்கம்.

பென்னாகரம் விவசாயி:

கிணற்றைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று நான் எழுதுகிறேன். நம் பக்கத்துக் கிணறுகளில் மேலே சில அடிகள் செம்மண், அதன் கீழே மொரம்பு என்னும் சரளை மண், அதற்கும் கீழே கெட்டிப் பாறை என்று இருக்கும். கல்கட்டு இருந்தால் அது மேல்மண் உள்ள ஆழம் வரைதான் இருக்கும். அந்தக் கல்கட்டு கட்டியது மண் சரியாமல் இருப்பதற்காக. அதன் பின்னால் 20 டன் வண்டி நின்று அதிர்வதைத் தாங்குவதற்காக அல்ல. தண்ணீர் வற்றிப் பல வருடம் ஆன கிணற்றில் கற்களுக்கு நடுவே வேர் இறங்கிப் பிளந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

முதலில் புதரை ஆள் வைத்து அரிவாளால் வெட்டிக் கிணற்றின் உண்மையான விளிம்பைக் கண்டுபிடியுங்கள். ஜேசிபியை விட்டுப் புதரைத் தள்ளச் சொல்லாதீர்கள்; அந்த வேலையில்தான் வண்டி உள்ளே போகும். பிறகு மேல்மண்ணும் மொரம்பும் சேர்ந்து எவ்வளவு ஆழமோ, குறைந்தது அவ்வளவு தூரத்துக்கு விளிம்பிலிருந்து எந்த வண்டியும் வராதபடி கல்லை அடுக்கிவிடுங்கள். மழை பெய்திருந்தால் இன்னும் தள்ளி. சில நிலங்களில் பழைய கிணற்றைக் குப்பையும் மண்ணும் போட்டுத் தூர்த்து, மேலே உழுதும் இருப்பார்கள். ஊரில் வயதானவர்களைக் கேட்டால் எந்த இடம் என்று சொல்லிவிடுவார்கள்.

ஓசூர் கட்டுமானப் பொறியாளர்:

பெரிய வேலைகளில் அலுவலர்கள் இருப்பார்கள் என்று கேள்வியில் வந்திருக்கிறது. அலுவலர் இருப்பதே காப்பு அல்ல. 2023 ஆகஸ்ட் 1 அன்று மகாராஷ்டிரத்தில் சம்ருத்தி விரைவுச் சாலைப் பணியில் பாலத்தின் கர்டர் தூக்கும் இயந்திரம் விழுந்து 20 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தவர். உங்கள் வேலை சிறியது, ஆட்கள் குறைவு, எல்லோரையும் உங்களால் பெயர் சொல்லிக் கூப்பிட முடியும். இதை ஒரு வசதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

குழாய்ப் பள்ளத்துக்கு வருகிறேன். பண்ணைக்குட்டையைச் சரிவாக வெட்டுவார்கள், அதில் பிரச்சினை குறைவு. குழாய்க்கு வெட்டும் பள்ளம் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும், அதற்குள் ஆட்கள் இறங்குவார்கள். மத்தியப் பொதுப்பணித் துறையின் பாதுகாப்பு விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. 1.5 மீட்டரும் அதற்கு மேலும் ஆழமுள்ள பள்ளத்தின் பக்கங்களைச் சரிவாகவோ படிப்படியாகவோ வெட்ட வேண்டும், அல்லது பலகையும் குறுக்குச் சட்டமும் கொடுத்து முட்டுக்கொடுக்க வேண்டும். 1.2 மீட்டரோ அதற்கு மேலோ ஆழமிருந்தால் ஒவ்வொரு 30 மீட்டர் நீளத்துக்கும் ஓர் ஏணி, அதுவும் தரைக்கு மேல் 90 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். வெட்டிய மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் அல்லது பள்ளத்தின் பாதி ஆழம், இவற்றில் எது அதிகமோ அவ்வளவு தள்ளிக் கொட்ட வேண்டும். உங்கள் பள்ளத்தின் பாதி ஆழம் 1 மீட்டர் சொச்சம்தான் என்பதால் உங்களுக்கு 1.5 மீட்டர் பொருந்தும்.

செம்மண் நன்றாக நிற்கும், செங்குத்தாக வெட்டினாலும் சரியாது என்று நம் பகுதி மேஸ்திரிகள் உறுதியாகச் சொல்வார்கள். காய்ந்த நிலையில் அது உண்மை என்பதுதான் சிக்கல். முதல் நாள் நின்ற சுவர், இரவில் ஒரு கோடை மழை பெய்து மேலே வெடிப்பில் நீர் இறங்கியதும், மறுநாள் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பாளமாக விழும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை உள்ளது. மார்பு வரை புதைந்த ஆளுக்குத் தலை வெளியே இருந்தும் மூச்சு விட முடியாது. அப்படி நடந்தால் பக்கெட்டால் தோண்டி எடுக்க முயலாதீர்கள். அருகில் ஓடும் வண்டிகளை அணைத்து, மேலும் சரியாதபடி பார்த்துக்கொண்டு, மண்வெட்டியாலும் கையாலும்தான் தோண்ட வேண்டும். ஒவ்வொரு காலையிலும், மழைக்குப் பிறகும், விளிம்புக்கு இணையாக ஓடும் வெடிப்பு ஏதாவது தெரிகிறதா என்று நீங்களே நடந்து பாருங்கள். தெரிந்தால் அந்தப் பகுதியில் யாரையும் இறக்காதீர்கள்.

அடியில் குடைந்து மேல்மண்ணைத் தானாகச் சரியவிடும் பழக்கத்தையும் அதே விதிகள் தடை செய்கின்றன. ஏரி மண் எடுக்கும் இடங்களில் நேரத்தை மிச்சப்படுத்த இப்படிச் செய்து பழகிய ஜேசிபி ஆபரேட்டர்கள் இங்கும் அதையே செய்வார்கள். மேலிருந்து கீழாகத்தான் வெட்ட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். டிப்பர் மண் கொட்டும் விளிம்பில், பின்சக்கரம் முட்டி நிற்கும்படி மண்ணால் ஒரு தடுப்புக் கரை போடுங்கள். சரிவான தரையில் தொட்டியைத் தூக்க விடாதீர்கள். ஈரமண் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு மறுபக்கம் மட்டும் இறங்கினால் வண்டி பக்கவாட்டில் சாயும்.

வாடகை வண்டி உரிமையாளர்:

எல்லோரும் எழுதியிருப்பது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வார வேலைக்கு மூங்கில், தோரணம், பந்தல், கயிறு பிடிக்க ஓர் ஆள், சைகை காட்ட ஓர் ஆள், லைன் கிளியருக்குக் காத்திருக்கும் நேரம் என்று சேர்த்தால் செலவை யார் ஏற்பது? என் வண்டிக்கு மாதத் தவணை இருக்கிறது. ஹவர் மீட்டர் ஓடினால்தான் எனக்கு வாடகை, ஆபரேட்டருக்கும் மணிக்கணக்கில்தான் பேட்டா. இன்ஜினை அணைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தால் யார் காசு தருவார்கள்? பக்கத்தில் இன்னொருவர் இது எதுவும் கேட்காமல் மணிக்கு நூறு ரூபாய் குறைத்து வண்டி அனுப்பத் தயாராக இருக்கிறார்.

காவேரிப்பட்டணம் ஆபரேட்டர்:

அண்ணா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. பாதுகாப்பைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த இடத்துக்கு வருவதே இல்லை. ஹவர் மீட்டர் இன்ஜின் ஓடும் நேரத்தை மட்டும்தான் எண்ணும். காலையில் ஆயில், தண்ணீர், ஹோஸ், பக்கெட் பின், செயின் போல்ட், கண்ணாடி, ரிவர்ஸ் ஹாரன் பார்ப்பது இன்ஜின் அணைந்திருக்கும்போது. ஆள் விலகும் வரை காத்திருப்பதும் பக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டு நில உரிமையாளரின் பேச்சைக் கேட்பதும் மீட்டர் சும்மா ஓடுவதாக வாடகை கொடுப்பவருக்குத் தோன்றும் நேரங்கள். ஆபத்தைத் தவிர்க்கும் ஒவ்வொரு செயலுக்கும் ஒருவர் கையிலிருந்து காசு போகிறது. நம் களங்களில் ஆபரேட்டர் அவசரப்படுவதற்குக் காரணம் அவருக்கு அறிவில்லாதது அல்ல.

ஆகவே மேற்பார்வையாளர் தம்பிக்கு நான் சொல்வது இதுதான். வாடகை பேசும்போதே, தினமும் காலையில் அரை மணி நேரம் சோதனைக்கென்று, மீட்டர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வாடகையில் சேர்த்துப் பேசிவிடுங்கள். ஆபரேட்டரின் பேட்டாவை மணிக்கணக்கிலிருந்து நாள்கணக்குக்கு மாற்றிவிடுங்கள். பாதுகாப்புக்காக ஆபரேட்டர் வண்டியை நிறுத்தினால் அந்த நேரத்துக்கு வாடகை பிடிக்கப்பட மாட்டாது என்று எழுதிக் கொடுங்கள். ஒரு வாரத்துக்குக் கணக்கிட்டால் அது சில மணி நேர வாடகைதான். பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டச் சொல்லாதீர்கள். ராத்திரியில் விளக்கு போட்டு முடித்துவிடலாம் என்று எட்டாம் மணி நேரத்தில் யாராவது சொல்வார்கள், அதற்கும் இசையாதீர்கள்.

கிருஷ்ணகிரி மெக்கானிக்:

வண்டி ஓடும்போது நடப்பதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். பழுது பார்க்கும்போது நடப்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் களத்தில் வண்டி நின்றால் முதலில் கையை விடுபவர் மெக்கானிக் அல்ல, கிளீனர்.

தூக்கிய டிப்பர் தொட்டியின் கீழே சப்போர்ட் கட்டை கொடுக்காமல் யாரும் தலையை நுழைக்கக் கூடாது. ஹோஸ் வெடித்தாலோ, மேலே இருப்பவர் தெரியாமல் லீவரைத் தட்டினாலோ தொட்டி இறங்கிவிடும். நகர அவகாசம் இருக்காது. தொட்டி காலியாக இருக்க வேண்டும், கட்டை வண்டியோடு வந்ததாக இருக்க வேண்டும், கிடைத்த சவுக்குக் கம்பாக இருக்கக் கூடாது. பொக்லைனிலும் அப்படியே. பக்கெட்டைத் தரையில் படியவைத்து, இன்ஜினை அணைத்து, லீவர்களை அசைத்து அழுத்தத்தை வெளியேற்றிய பிறகுதான் ஹோஸைக் கழற்ற வேண்டும். 20 டன் வண்டியின் ஹைட்ராலிக் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 350 கிலோ. ஹோஸில் ஊசித்துளை விழுந்து எண்ணெய் பீய்ச்சினால் கண்ணுக்குத் தெரியாது. கையால் தடவித் தேடுபவரின் தோலுக்குள் எண்ணெய் ஏறிவிடும். அப்போது ஓர் எறும்பு கடித்த அளவுதான் வலிக்கும், அதனால் வேலையைத் தொடர்வார்கள். சில மணி நேரத்தில் கை வீங்கும், விரலையே எடுக்க வேண்டிய நிலையும் வரும். அட்டைத் துண்டை நீட்டித் தேடுங்கள்; தோலில் ஏறிவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போய், ‘ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தத்தோடு உள்ளே போயிருக்கிறது’ என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

உங்கள் நிலத்தில் மொரம்புக்குக் கீழே பாறை வந்தால் பக்கெட்டைக் கழற்றி, பாறை உடைக்கும் பிரேக்கர் மாட்டுவார்கள். அதற்காகப் பக்கெட் பின்னைச் சம்மட்டியால் அடிக்கும்போது எஃகுச் சில்லு துப்பாக்கி ரவை போலத் தெறிக்கும். அடிப்பவருக்கும் பிடிப்பவருக்கும் கண்ணைக் காக்கும் கண்ணாடி கட்டாயம். பிரேக்கர் ஓடும்போது கல் சில்லு பறக்கும் தூரம் அதிகம் என்பதால் கயிற்று வட்டத்தைப் பெரிதாக்குங்கள். ரிவர்ஸ் ஹாரன் வயரைக் கழற்றி டேப் சுற்றிவைத்திருக்கும் டிப்பர்களை நான் வாரம்தோறும் பார்க்கிறேன். சத்தம் தலைவலியாக இருக்கிறது என்பார்கள். முதல் நாள் காலையில் உங்கள் எதிரிலேயே ரிவர்ஸ் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பாலக்கோடு மேற்பார்வையாளர்:

இத்தனை விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. ஒரு கேள்வி பாக்கி. குழாய்கள் 600 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மீட்டர் நீளம். ஹைட்ரா வர ஒரு நாள் தாமதமானால், பொக்லைன் பக்கெட் பல்லில் சங்கிலி மாட்டியே இறக்கிவிடலாம் என்று ஒப்பந்ததாரர் சொல்கிறார். அது சரியா?

ஓசூர் கட்டுமானப் பொறியாளர்:

சரியல்ல. அந்தக் குழாய் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு டன் இருக்கும். பக்கெட்டைச் சற்றுச் சுருட்டினாலோ விரித்தாலோ சங்கிலி பல்லிலிருந்து வழுக்கிவிடும், அந்த நேரத்தில் கீழே பள்ளத்துக்குள் ஆள் நின்றுகொண்டிருப்பார். பொக்லைனிலேயே தூக்க வேண்டுமென்றால், தயாரிப்பாளர் அமைத்த கொக்கி வண்டியில் இருக்க வேண்டும், அந்தத் தூரத்தில் அது எவ்வளவு தூக்கும் என்ற அட்டவணையும் கையில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஹைட்ரா வரும் வரை காத்திருங்கள்.

ஹைட்ராவும் பிழையில்லாத வண்டி அல்ல. 14 டன் என்று எழுதியிருந்தால், பூமைச் சுருக்கி மிக அருகில் தூக்கும்போது மட்டும்தான் அந்த எடை. பூம் நீள நீளத் திறன் வேகமாகக் குறையும். அது நடுவில் மடிந்து திரும்பும் வண்டி என்பதால், சுமையோடு திரும்பும்போது சாயும் வாய்ப்பு கூடுகிறது. மேடுபள்ளமான உழுத நிலத்தில் குழாயைத் தொங்கவிட்டுக்கொண்டு அதை ஓட்டக் கூடாது. பொக்லைனை வைத்துப் பள்ளத்திலிருந்து தள்ளி ஒரு மட்டமான வழியை இறுக்கிக் கொடுங்கள். சுமை தரைக்கு ஓரடி மேலேதான் இருக்க வேண்டும். குழாய் ஆடாமல் பிடிக்க இரு முனையிலும் கயிறு கட்டி, ஆள் எட்ட நின்று பிடிக்க வேண்டும். கையால் தள்ளிக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடக்கக் கூடாது, பூம் மறைப்பதால் டிரைவருக்கு அவர் தெரிய மாட்டார். குழாய் பள்ளத்தின் அடியில் படியும் வரை பள்ளத்துக்குள் யாரும் இருக்க வேண்டாம்.

கிரேனில் மனிதரையும் மாலையையும் தொங்கவிட்டுக் கொண்டாடும் வழக்கம் நம் மாநிலத்தில் பெருகிவிட்டதால், கிரேன் என்றால் எதையும் தாங்கும் என்ற எண்ணம் ஊருக்குள் பரவியிருக்கிறது. 2023 ஜனவரியில் அரக்கோணம் அருகே கோயில் விழாவில் கிரேன் சாய்ந்து பக்தர்கள் இறந்தார்கள். பக்கெட்டிலோ கொக்கியிலோ ஆளை ஏற்றுவதற்கு எந்தக் காரணத்தையும் ஒப்புக்கொள்ளாதீர்கள், மரக்கிளை வெட்டுவதற்குக்கூட.

பாலக்கோடு மேற்பார்வையாளர்:

புரிந்தது. ஹைட்ராவுக்காகக் காத்திருப்பதாக ஒப்பந்ததாரரிடம் பேசிவிட்டேன். மின்பாதைக்கு அருகில் இருந்த குட்டையின் எல்லையை நில உரிமையாளரின் சம்மதத்தோடு தெற்கே நகர்த்திவிட்டதால், லைன் கிளியர் வாங்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. வழியில் தோரணம் மட்டும் கட்டுகிறோம். கிணற்றின் புதரை நாளை ஆள் வைத்து வெட்டுகிறோம். காலை அரை மணி நேரத்தை வாடகையில் சேர்க்க ஒப்பந்ததாரர் தயங்குகிறார். பேட்டாவை நாள்கணக்காக மாற்ற ஒப்புக்கொண்டுவிட்டார்.

வாடகை வண்டி உரிமையாளர்:

அந்த அரை மணியில் பாதியை நான் விட்டுக்கொடுக்கிறேன், மீதிப் பாதியை அவர் ஏற்கட்டும் என்று சொல்லிப் பாருங்கள். என் வண்டிகளுக்கு இனி இப்படித்தான் பேசப்போகிறேன். ஆனால் சுண்ணாம்புக் கோட்டை முந்தின நாள் மாலையே போட்டு முடித்திருக்க வேண்டும்; காலையில் வண்டி வந்து நின்ற பிறகு நில உரிமையாளரும் பங்காளியும் எல்லைக்குச் சண்டை போட்டால் அதற்கு மீட்டர் தனி.